பொரிப்புப் பெட்டி

டீ ஆறிவிட்டது, பரவாயில்லை ஐயா. சூடாக எதையும் குடிக்க எனக்குப் பிடிப்பதில்லை.

நாமக்கல்லில் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் எலக்ட்ரீசியனாக இருந்தேன். எண்பத்தாறில் பெங்களூர் போய் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் வாங்கி வந்தேன். பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த கறுப்புச் சிப்பு, நாம் எழுதிவைத்தபடி கருவிகளை இயக்கும். சொல்லிக்கொடுக்க ஊரில் ஆளில்லை. அதை வைத்து ஒரு சின்ன விளக்கை எரித்து அணைக்க எனக்கு ஆடி மாதம் முழுக்க ஆனது. எரிந்தபோது அழுதுவிட்டேன். என் மனைவி சௌந்திரம் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

அடுத்ததாக, முட்டை பொரிக்கும் பெட்டி ஒன்றை அந்தச் சிப்பின் பொறுப்பில் விட்டேன். பெட்டி முதலில் சில்லென்று இருக்குமல்லவா, அதனால் தொடக்கத்தில் அரை மணி நேரம் பல்புகளை முழுசாக எரியவிடும். அதன் பிறகுதான் சூட்டை அளந்து பார்க்கும். அப்படித்தான் புரோகிராம் எழுதியிருந்தேன். கரண்ட் போய் வந்தால் சிப்புக்கு எல்லாம் மறந்துவிடும், மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கும். பெட்டி ஏற்கெனவே சூடாக இருப்பது அதற்குத் தெரியாது. பங்குனியில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. முட்டைகள் வெந்துவிட்டன. முதலாளி எல்லோர் முன்னாலும் சிரித்தார். பெட்டியை என் தலையிலேயே கட்டி வேலையைவிட்டு அனுப்பினார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை ஐயா.

சித்திரையில் சௌந்திரத்துக்கு ஏழாம் மாதத்திலேயே உள்ளூர் ஆஸ்பத்திரியில் பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை. உடம்பு சில்லிட்டுக்கொண்டே போனது. சௌந்திரம் மயக்கத்தில் இருந்ததால் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குழந்தையை உடனே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வெளியே சௌந்திரத்தின் தம்பி வேலுமணி காரோடு நின்றான்.

“மச்சான், இப்பவே பொறப்பட்டாச் சேலம் போயிரலாமுங்க.”

“புள்ளய அலைக்கழிக்க வேண்டாமுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஊட்லயே வெச்சுப் பாத்துக்கலாம்,” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கழுவி, முட்டைத் தட்டை எடுத்துவிட்டு, பழைய சேலையை விரித்துக் குழந்தையைக் கிடத்தினேன். புரோகிராமைத் திருத்த வேண்டுமென்றால் சிப்பைச் சேலத்துக்குக் கொண்டுபோய்த்தான் அழித்து எழுத வேண்டும். அதற்கு நேரமில்லை. சிறிது நேரத்தில் குழந்தையின் விரல்கள் சிவந்து அசைந்தன. அவ்வளவு சந்தோஷம் என் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

மத்தியானம் கரண்ட் போய் வந்தது. மறுபடி போய் வந்தது.

“ஏனுங்க, பெட்டி கொதிக்குதுங்க. புள்ளய எடுங்க,” என்றாள் சௌந்திரம். கட்டிலைவிட்டு எழ அவளுக்குத் தெம்பில்லை.

பிளக் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிடுங்கினால் மறுபடி முதல் வரிக்குப் போய்விடும். அரை மணி முழுசாகக் கழிந்தால் அதுவே அளந்து பார்த்து அணைக்கும். கரண்ட் போய் வந்த பிறகும் அது சரியாக அணைப்பதை நான் ஒரு தடவையாவது பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை ஐயா.

அணைத்தது. சரியாக அணைத்தது.

குழந்தையின் காரியமெல்லாம் முடிந்ததும் சிப்பை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். தொடங்கும்போதே அளந்து பார்க்கும்படி திருத்தி எழுதினேன். தப்பு அந்த ஒரு வரியில்தான் இருந்தது, இப்போது அது இல்லை. ஒரு வருஷம் கழித்து, போன வாரம்தான் வேலுமணி டாக்டரம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டு, ஆத்திரத்தில் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டான், பாவம். நான் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாம் சொல்லிவிட்டேன்.

என்னைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் ஐயா. சௌந்திரம் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள், இது ஆறாம் மாதம். பெட்டியைக் கழுவிவைக்க வேண்டும்.