சைடு கொடுத்த கை

டீ வேண்டாம் ஐயா. வண்டி எடுக்கிற நாளில் வெளியில் எதையும் குடிப்பதில்லை. கடையில் கிளாசை எந்தத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள் என்று ஒரு தடவை நின்று பார்த்தவன் அப்புறம் குடிக்கமாட்டான்.

கூட்டேரிப்பட்டு வளைவில் ராஜவேலுவின் வேன் ஜல்லி லாரியில் மோதியதைப் பற்றி என் சாட்சியமாக நீங்கள் ஸ்டேஷன் பேப்பரில் எழுதி வாசித்ததைக் கேட்டேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரி தவறு. அதைத் திருத்திவிட்டால் கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏன் தவறு என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் பெயர் அடைக்கலராஜ். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் மண்டிக்கு லாரியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிப் போகிறவன். நாலு வழிச் சாலை வரப்போகிறது என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறார்கள். இன்றைய தேதிக்கு இது ஒரு வண்டி போக, ஒரு வண்டி வர உள்ள ரோடுதான். இரண்டு பக்கமும் புளியமரம். மூட்டை அடுக்கிய லாரிக்குப் பின்னால் வருகிறவனுக்கு லாரியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் முன்னால் போகிறவன் கை காட்ட வேண்டும். வலது கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் வீசினால் எதிரே காலி, முந்தலாம். உள்ளங்கையைப் பின்பக்கம் திருப்பி அசையாமல் பிடித்தால் வண்டி வருகிறது, பொறு. சைடு கொடுப்பது என்று இதைத்தான் சொல்வோம்.

என் கைக்கு இந்த ரோட்டில் ஒரு பெயர் உண்டு. அடைக்கலம் கை காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ஏறி முந்தலாம் என்று பஸ் டிரைவர்களே சொல்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வருகிறவன் உயிரைக் கையில் பிடித்திருக்கிறோம் என்ற நினைப்போடுதான் நான் கையை வெளியே நீட்டுவேன்.

ஆனால் மற்றவர்கள் முந்துகிற லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. இடது பக்கம் மண்ணில் இறங்கி, தலையில் புல்லுக்கட்டோடு போகிற பொம்பளைகள் மேல் புழுதியை வாரியடித்து ஏறுவான். பாலத்தின் மேல் ஏறுவான். எதிரே சைக்கிளில் வருகிறவன் முள்ளில் விழுந்து எழுந்தால், அதற்கு ஒரு சிரிப்பு வேறு. பன்றி தொட்டிக்கு ஓடுகிற மாதிரிதான் ஓடுவார்கள்.

அதில் தலைமகன் ராஜவேலு. திண்டிவனத்தில் வாடகை வேன் ஓட்டுகிறவன். எந்நேரமும் வாயில் பான்பராக். பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு ஹாரனை அமுக்கிப் பிடிப்பான். 'பொறு' என்று நான் கை காட்டினாலும் ஏறுவான். ஸ்டாண்டில் ஒருநாள் கூப்பிட்டு, முந்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது தம்பி, என் கையைப் பார்த்து வா என்று நல்ல விதமாகத்தான் சொன்னேன். "நீ இன்னாண்ணா, ரோட்டுக்கே வாத்தியாரா?" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

போன பங்குனியில் ஒருநாள் எதிரே காலியாக இருந்தது. முறைப்படி சைடு கொடுத்தேன். முந்திப் போனவன், எனக்கு முன்னால் வந்ததும் வெளியே தலையை நீட்டித் துப்பினான். காற்று அதைக் கொண்டுவந்து என் வலது கையில் அப்பியது. அவனுக்கு வழி விட்ட அதே கை. பேரணி கிராமத்தில் வண்டியை நிறுத்தி, அடிபம்பில் சோப்புப் போட்டுக் கழுவினேன். டீசல் ஊற்றித் தேய்த்தேன். அன்று ராத்திரி அந்தக் கையால் சோறு அள்ள முடியவில்லை. வீட்டுக்காரி அமல்ராணிதான் ஸ்பூன் எடுத்துக் கொடுத்தாள். இன்றைக்கும் ஸ்பூன்தான்.

சரி, வளைவுக்கு வருகிறேன். அன்று ராஜவேலு தன் மகளுக்குக் காதுகுத்த மாமியார் ஊரான காணைக்குப் போய்க்கொண்டிருந்தான். திண்டிவனம் தாண்டியதுமே என் பின்னால் வந்துவிட்டான். ஹாரன் அடிக்கவில்லை. இடது பக்கம் இறங்கவில்லை. நல்ல இடைவெளி விட்டு, வலது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு, என் கையையே பார்த்தபடி வந்தான். கண்ணாடியில் பார்த்த எனக்கே ஆச்சரியம்.

வளைவு நெருங்கியது. ரோடு இடது பக்கம் திரும்பும் இடம். உயரத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அடுத்த மதகுவரை தெரியும், அவனுக்குத் தெரியாது. மதகின் மேல் ஜல்லி லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. நான் 'பொறு' என்று கையைக் காட்டினேன், அவன் மதிக்காமல் ஏறினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் தவறு. நான் கையை முன்னும் பின்னும் வீசினேன்.

அவன் ஹாரன் ஒரு தடவை, அளவாக அடித்து வலது பக்கம் ஏறினான். முன்சீட்டில், அழைத்துப்போக வந்த தாய்மாமன் மடியில் பட்டுப்பாவாடையோடு குழந்தை. என் கை ஆடியதைப் பார்த்து அதுவும் கையை ஆட்டியது. ராஜவேலு இந்தப் பக்கம் குனிந்து நன்றிக்குத் தலையாட்டினான். வாய் சுத்தமாக இருந்தது. அன்று அவன் பான்பராக் போடவில்லை என்பதைக் கையை வீசிய பிறகுதான் கவனித்தேன்.

முந்துகிற வண்டி பக்கத்தில் இருக்கும்போது வேகத்தைக் கூட்டக் கூடாது என்பது சட்டம். நான் கூட்டவில்லை. பிரேக் போட்டிருந்தால் எனக்கு முன்னால் நுழைந்திருப்பான் என்பீர்கள். பிரேக் போட வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை ஐயா.

குழந்தையும் மாமனும் அங்கேயே போய்விட்டார்கள். கால் போன ராஜவேலு, போலீஸ் காவலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அடைக்கலம் அண்ணன்தான் கை காட்டினார் என்று படித்துப் படித்துச் சொல்கிறானாம். ஒருவரும் நம்பவில்லை. என் கைக்கு இருக்கிற பெயர் அப்படி.

வேனின் பின்சீட்டில் இருந்து பிழைத்த அவன் மனைவி பரிமளா, கையில் கட்டோடு மண்டிக்கே வந்துவிட்டாள். அழவில்லை.

"அண்ணா, அவுரு பொய் சொல்றாரான்னு மட்டும் சொல்லுங்க. உங்க கையை மீறி ஏறித்தான் என் புள்ளையையும் தம்பியையும் கொன்னாருன்னா, நான் அந்த மூஞ்சில முழிக்க மாட்டேன். எங்க அம்மா வூட்டுக்குப் போயிடறேன்."

"நான் யாருக்கும் தப்பா கை காட்டுனது இல்லம்மா" என்றேன்.

அவள் காணைக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சோறு கொண்டுபோகிறவர்கள் யாரும் இல்லை என்று கேள்வி. அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் முறையாகச் செய்த ஒரு காரியத்தை முறைகேடு என்று எழுதினால் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. என் சுபாவம் அப்படி.

அதனால் திருத்தி எழுதுங்கள். ராஜவேலு இடைவெளி விட்டான், இண்டிகேட்டர் போட்டான், கை காட்டும்வரை காத்திருந்தான், வலது பக்கம்தான் ஏறினான். இந்த ரோட்டில் அவன் சட்டப்படி முந்தியது அன்று ஒருநாள்தான். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே முந்தினான். அவன்மேல் தப்பே கிடையாது.

தப்பு என்று ஏதாவது எழுதியே ஆக வேண்டுமென்றால், பங்குனியில் துப்பினானே, அதை எழுதிக்கொள்ளுங்கள்.