இரண்டு நோட்டுகள்

உட்காருங்க சூப்பரின்டென்ட் ஐயா, நானும் உட்கார்ந்துக்கறேன். இந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், சுவர்ப் பக்கம் சாய்ஞ்சுக்கிட்டா சரியாயிடும். கதவைத் திறக்க வேண்டாம். கூட்டம் முடியற வரைக்கும் யாரும் வெளியே போகக்கூடாதுன்னு விதி போட்டதே நான்தான்.

பதினோரு வருஷமா இந்த ஆஸ்பத்திரியில சிகிச்சைத் தரம் பார்க்கற வேலை எனக்கு. லேப்காரரும் வார்டு சிஸ்டரும் எலியும் பூனையுமா இருந்தது உங்களுக்கே தெரியும். அவர் போன் பண்ணா இவங்க எடுக்க மாட்டாங்க. கடைசியில, ரிசல்ட் சீட்டைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி இறங்க நடுவுல ஓர் ஆள் வேணும்னு முடிவாச்சு. அந்த ஆள் நான். லேப் நோட்டுல நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கணும், வார்டு நோட்டுல நேரம் எழுதிக் குடுத்து, சிஸ்டர் கையெழுத்தை வாங்கணும்.

சேர்ந்து வேலை செய்யுங்கன்னு எழுதிக் குடுத்தேன், படம் போட்டுக் காட்டினேன், கூட்டத்துக்கு வாங்கன்னு கெஞ்சினேன். தலைகீழா நின்னாலும் யாரும் காதுல போட்டுக்கல. "எவனாவது செத்தாத்தாம்மா உன் கூட்டத்துக்கு ஆள் வரும்"னு லேப்காரர் ஒருநாள் சிரிச்சார். நல்ல மனுஷன், விளையாட்டாத்தான் சொன்னார். யோசிச்சுப் பார்த்தேன், நியாயமாத்தான் பட்டுது.

ஏழாம் படுக்கைப் பெரியவருக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறியிருந்தது. உடனே மருந்து போகலைன்னா இதயம் நின்னுடும். பத்து நாற்பதுக்குச் சீட்டை வாங்கினேன். என் மேஜை டிராயர்ல வச்சுட்டு வார்டுக்குப் போனேன். "ரிசல்ட் வந்துடுச்சாம்மா?"ன்னு கேட்டார். "இன்னும் வரலை தாத்தா, வந்ததும் நானே கொண்டு வரேன்"னு சொல்லி, போர்வையை இழுத்து விட்டேன். தேங்க்ஸ் சொன்னார். அவரைப் பார்க்க யாரும் வர்றதில்ல, அதையும் விசாரிச்சு வச்சிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு அவர் போயிட்டார். ஒண்ணேகாலுக்குச் சீட்டைக் குடுத்தேன். அந்தக் களேபரத்துல சிஸ்டர் நேரத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாங்க.

மறுவாரமே எல்லாரும் இந்த மேஜைக்கு வந்தீங்க. லேப்ல லேட்டுன்னு அவரும், வார்டுல லேட்டுன்னு இவங்களும் தங்களையே நொந்துக்கிட்டாங்க. சிஸ்டர் அழுதாங்க, லேப்காரர் மன்னிப்புக் கேட்டார். எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. சீட்டுத் தூக்கற வேலையும் அன்னிக்கோட போச்சு, அவங்களே பேசிக்கிட்டாங்க. மூணு மாசமா ஒரு ரிசல்ட்கூடத் தாமதமாகல. பிழைச்சவங்களை யாராவது கணக்கெடுத்தீங்களா ஐயா?

முன்னெல்லாம் கீழே லேப் நோட்டை மாடி வார்டு பார்க்காது, மாடி நோட்டைக் கீழே பார்க்காது. இன்னிக்கு அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வச்சுட்டாங்க. பத்து நாற்பது. ஒண்ணேகால். ரெண்டு நேரமும் நான் கைப்பட எழுதினது. இப்ப சிஸ்டர் கதவுல சாய்ஞ்சு நிக்கறாங்க, லேப்காரர் ஜன்னல் பக்கம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கறாங்க. இவ்வளவு ஒத்துமையா அவங்க வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்ல. பெருமையா இருக்கு.

ஆமா ஐயா, சாகட்டும்னுதான் வச்சிருந்தேன். எழுதிக்கங்க. படிவத்துல 'தவறு எந்தத் துறையில்'னு அஞ்சு கட்டம் இருக்கும், அதுல என் துறையைத் தேடாதீங்க. அந்தப் படிவத்தைப் போட்டதே நான்தான். தப்பு பண்றது உங்க துறைங்கதானே, எங்களுக்கு எதுக்குக் கட்டம்?