ஹில்டா வந்தால் லைன் போகும்

எங்கள் கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை, பிரகாசம் சார். ஒயர் இழுக்க வந்த உங்களையே வாசலில் ஷூவைக் கழற்ற வைத்துவிட்டார்கள். தூசிக்காக என்று நினைத்திருப்பீர்கள். அதற்காக இல்லை. சர்வர் இருக்கிற இடம் சரஸ்வதி இருக்கிற இடம் என்பது மேனேஜர் லட்சுமணன் சாரின் கட்சி. வெள்ளிக்கிழமை அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பதும் அவர்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துக்குப் பொட்டு வைத்துப் பழகிய கை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. காலேஜில் மூடநம்பிக்கைக்கு எதிராகப் பேசி முதல் பரிசு வாங்கியவள் நான். எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா இதே எஸ்டேட்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். பட்டம் வாங்கினால் என்ன கிடைக்கும் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருமில்லை. நானேதான் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

என் மேசைக்கு அடியில், ஒயர் முனையில் இருக்கிற மூடி மட்டும் ஏன் இப்படித் தேய்ந்து ஆடுகிறது, யார் அதைத் தொடுகிறார்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஹில்டாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஹில்டா ஆவடி சேக்காட்டிலிருந்து வருவாள். புருஷன் சத்தியராஜ் பூந்தமல்லி ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனார். மாமியார் லூர்தம்மாளும் இப்போதுதான் நடக்கப் பழகுகிற ஒரு பையனும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். படிப்பு பிளஸ் டூ. ஆனால் கான்வென்ட் இங்கிலீஷ், கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கிற விரல். எனக்கு முன்னால் சேர்ந்தவள். சர்வரை எப்படி ஓடவிடுவது, எப்படி நிறுத்துவது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவளும் அவள்தான். மத்தியானம் அவள் டிபன் கேரியரில் மேல்தட்டு எனக்கு. நல்ல பெண். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

போன ஆடி மாதம் முதலாளி ஜெயராமன் சார், கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு ஒரு இன்சார்ஜ் போடப்போவதாகச் சொன்னார். ஹில்டாவுக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பட்டதாரி என்று ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படவில்லை. கோபம் வந்தால் நான் கத்துகிறவள் இல்லை. காலை ஆட்டுவேன். அன்றைக்கு அப்படி ஆட்டும்போது வெறுங்கால் அந்த மூடியில் இடித்துவிட்டது.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எட்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே கறுப்பு ஒயர். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போய் என் மேசைக்கு அடியில் முடிகிறது. அந்த முனையில் இருக்கிற சின்ன மூடி லேசாகக் கழன்றால் போதும், எட்டுத் திரையும் அப்படியே நின்றுவிடும். சரியாக உட்கார வைத்தால் மறுபடி ஓடும்.

அந்த நேரம் பார்த்து ஹில்டா டீ குடித்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இன்னா ஹில்டா, நீ உள்ள காலெடுத்து வெச்ச, லைன் பூட்ச்சி" என்று லட்சுமணன் சார் சிரித்தார்.

பெருக்க வந்த கன்னியம்மாள் சிரிக்கவில்லை. "காத்தால கூட இந்தம்மா வந்துகினு இருக்கசொல்லதான் புஸ்ஸுனு நின்னுச்சு சார். நான் பாத்துகினுதான கீறேன்" என்றாள்.

காலையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் அங்கே இருந்த எல்லாரும் "ஆமா ஆமா" என்று தலையாட்டினார்கள்.

மறுநாள் ஹில்டா வந்தபோது கட்டைவிரலால் மூடியை லேசாக நெம்பிப் பார்த்தேன். எத்தனை பேர் தலையாட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். கணக்குப் படித்தவளுக்கு ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவுக்கு வரப் பிடிக்காது. ஆகவே அடுத்த நாளும் பார்த்தேன். நாள் தவறாமல் செய்யக்கூடாது என்பதும் சீக்கிரமே புரிந்தது. எப்போதும் போகிற லைனை ஆள் வைத்துச் சரிசெய்வார்கள். எப்போதாவது போகிற லைனுக்குத்தான் ராசி பார்ப்பார்கள்.

நான் ஹில்டாவுக்காகச் சண்டையும் போட்டேன். லட்சுமணன் சாரையே கேளுங்கள். "ராசியாவது ஒண்ணாவது. யாரு வர்றாங்க, யாரு போறாங்கன்னு மெஷினுக்கு இன்னா சார் தெரியும்?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஹில்டா உள்ளே வந்தாள், எட்டுத் திரையும் நின்றன.

"நீ சும்மா இரு லோகநாயகி. படிச்ச பொண்ணு, ஒனக்கு இதெல்லாம் புரியாது" என்றார்.

முதலாளி முன்னால் ஒரு சோதனை வைக்கலாம் என்று சொன்னதும் நான்தான். ஹில்டா வெளியே போகட்டும், உள்ளே வரட்டும், என்ன ஆகிறது பார்ப்போம், வீண்பழி தீரட்டும் என்றேன். ஹில்டா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வெளியே போனாள், லைன் ஓடியது. உள்ளே வந்தாள், நின்றது. மறுபடி வெளியே போகச் சொன்னார்கள், ஓடியது. அடுத்த தடவை கூப்பிட்டபோது அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வேணாம் சார். பில்லு போடுற நேரம். நான் வந்தா கெட்டுடும்" என்றாள்.

அப்போது நான் காலை மடித்து நாற்காலி மேல் வைத்திருந்தேன். அதற்கப்புறம் என் கால் தேவைப்படவில்லை.

யாரும் அவளை வேலையைவிட்டு எடுக்கவில்லை. பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றினார்கள். எனக்குத் தற்காலிக இன்சார்ஜ். ஹில்டா இல்லாமலும் லைன் போனால் அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். நியாயமான மனிதர். லைன் போகவில்லை. பேக்கிங்கில் ஒரு பெட்டி கை நழுவி விழுந்து உடைந்ததாம். ஹில்டா அதற்குப் பிறகு வேலைக்கே வரவில்லை. அந்தப் பெட்டிக்கு நான் பொறுப்பில்லை. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு சேக்காட்டுக்குப் போனேன். லூர்தம்மாள் பையனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஹில்டா சுவரோரமாக, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீயாச்சும் சொல்லு பாப்பா" என்றாள் லூர்தம்மாள். "புள்ளையத் தொடமாட்றா. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு நான் தூக்கினு ஓடுறேன், இவ யாரோ மாதிரி பின்னால வர்றா. பெத்தவளாடி நீ?"

"இப்பதான் எறங்கிச்சு அத்தை. என் கை பட்டா திரும்ப அடிக்கும்" என்றாள் ஹில்டா. பிறகு என்னைப் பார்த்தாள். "அவரைத் தொட்டேன், போய்ட்டாரு. மெஷின் கிட்டப் போனேன், அதுவும் நின்னுச்சு. நீ பி.எஸ்சி. படிச்சவ லோகா. அப்படி ஒண்ணு இருக்கா? நீ இல்லேன்னு சொல்லு, நான் இப்பவே தூக்கிக்கிறேன்."

பையன் அதற்குள் தத்தித் தத்தி வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டான். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். போலீஸ்காரன் துப்பாக்கி காட்டினால் தூக்குவார்களே, அப்படி.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் இல்லை என்று நம்பிவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வருவாள். வந்தால் லைன் போகவேண்டும், இல்லையென்றால் இன்சார்ஜ் போகும். இன்னொரு தடவை அவளை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

"எதுக்கும் கொஞ்ச நாள் தள்ளியே இருங்கக்கா. புள்ள விஷயம்" என்றேன்.

லூர்தம்மாள் அழுதாள். ஹில்டா எனக்கு நன்றி சொன்னாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாள். பஸ்ஸில் என் தோள் பட்டு ஒரு கிழவி திட்டியபோதுதான், ஹில்டா வழியெல்லாம் என்மேல் படாமல் விலகி நடந்தது நினைவுக்கு வந்தது.

போன வாரம் என் பெயருக்கு நிரந்தர இன்சார்ஜ் ஆர்டர் வந்துவிட்டது. அதற்குள் கணக்குப் பிரிவுக்கும் ஒயர் இழுக்கவேண்டுமென்று உங்களை வரவழைத்தார்கள். நீங்கள் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தீர்கள். நான் பொய் சொல்லவில்லை, பார்த்தீர்களா. கேட்டதும் சொல்லிவிட்டேன். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கே சேக்காட்டுக்குப் போய் ஹில்டாவிடம் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். கொஞ்சம் யோசியுங்கள் சார். இப்போது அவளுக்கு யார்மேலும் கோபமில்லை, விதி என்று இருக்கிறாள். நான்தான் என்று தெரிந்தால் உடைந்துபோவாள். உடம்பு தேறாத பிள்ளை வேறு. முதலாளியிடம் சொல்வதானால் சொல்லுங்கள். ஹில்டாவைத் திரும்ப வேலைக்கு எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எனக்கு அவள்மேல் எந்தப் பகையும் கிடையாது. இந்த அறைக்குள் மட்டும் விடவேண்டாம். நான் ராசி பார்க்கிறவள் இல்லை. ஆனால் அவள் போன பிறகு லைன் ஒரு தடவைகூடப் போகவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.