இருபத்திநாலு மழை

...அதத்தான் அண்ணே சொல்றேன். 'நல்லாருக்கு ஆம்ப்ரோஸ்'னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, எங்க ஆபீஸ் பதுருன்னிசாக்கா வாயிலேர்ந்து வரணுமே. ம்ஹூம். என்னமோ அவங்க வீட்டு அரிசிய நான் கொட்டிட்ட மாதிரி மூஞ்சி. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பஸ்ஸு ஆடுற ஆட்டத்துல இந்தப் பேப்பர் கட்டு மடியில நிக்க மாட்டேங்குது. எல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டுனது லா, ஒரு மடிப்பு நழுவுனா அம்புட்டும் போயிரும்.

நீங்க சிராங்கூன் ரோட்டுல மளிகைக் கடைன்னீங்கல்ல? போன வருஷ வெள்ளத்துல மொளகா மூட்டை நனைஞ்சதுன்னீங்களே, அதுக்குத்தான் இது. உங்க கடைக்குப் பின்னால புதுக் கால்வாய் வெட்டப் போறாங்க. எவ்ளோ மழை பேஞ்சா அதுல தண்ணி எவ்ளோ ஏறும்னு எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கணும். பத்து மில்லிமீட்டர் மழை, இருபது, முப்பது... இருநூத்தி நாப்பது வரைக்கும். இருபத்திநாலு மழை அண்ணே, ஒவ்வொன்னுக்கும் அரை மணி நேரம். அந்தக்கா என்ன பண்ணுவாங்க? ஒரு நம்பர அடிப்பாங்க, ஃப்ளாஸ்க்கத் தொறந்து தேத்தண்ணி ஊத்திக்குவாங்க, வந்த பேப்பர மொறச்சு மொறச்சுப் பாப்பாங்க, அப்புறம்தான் அடுத்த நம்பர். முழுசா ரெண்டு நாள்.

நான் பாத்தேன். ஒரு புரோகிராம் எழுதுனேன். மழைய அதுவே மாத்திக்கும், அதுவே ஓட்டும், அதுவே பிரிண்ட் பண்ணும். பட்டனத் தட்டிட்டு வீட்டுக்குப் போய்ட்டேன். நேத்துக் காலைல வந்தா இருபத்திநாலும் ரெடி. அந்தக்கா என்னடான்னா, ரெண்டு மூணையாச்சும் கண்ணால பாரு தம்பிங்குது. நானே பாக்கறதுன்னா மெஷின் எதுக்கு? பொறாமை லா, வேற என்ன.

முதலாளிகிட்ட கடைசிப் பக்கத்தக் காட்டுனேன். பேய்மழைக்கே தண்ணி ஒன்னரை மீட்டர்தானா, கரையத் தாண்டாதேன்னு முதுகுல தட்டுனாரு பாருங்க, இன்னும் வலிக்குது. ஒம்பது மணிக்கு மீட்டிங், கால்வாய் வெட்டறவங்க வர்றாங்க. அது முடிஞ்சா என் வேலை நிரந்தரம். நீங்க கவலையே படாதீங்க, பலகை மேல ஏத்தி வச்சிருக்கற மூட்டையெல்லாம் இன்னிக்கே இறக்கிருங்க...

ஐயையோ, என்னா பிரேக்கு! புடிங்க அண்ணே, புடிங்க! பேப்பர் அந்தம்மா கால்ல சுத்திக்கிச்சு... சாரி ஆன்ட்டி, சாரி... சுருட்டிக் குடுங்க அண்ணே, நல்ல மனுஷன் நீங்க.

என்ன, படிக்கிறீங்களா? படிங்க படிங்க. வெரல ஏன் அங்க வைக்கிறீங்க? ஆமா, மழை பத்து, தண்ணி ஒன்னரை. தூறலுக்கு... ஒன்னரை மீட்டரா? அடுத்ததக் காட்டுங்க. இருபது... ஒன்னரை. நூத்தியிருபது... ஒன்னரை.

கர்த்தரே.

சோதனைக்குன்னு நான்தான் ஒரு வரி போட்டேன் அண்ணே. புரோகிராம் ஓடுதான்னு பாக்க, 'மழை அம்பது'ன்னு. அத எடுக்க மறந்துட்டேன். தலைப்புல மட்டும் நம்பர் மாறிருக்கு. இருபத்திநாலு தடவையும் அதே அம்பது மழைதான் பேஞ்சிருக்கு...

மணி எட்டரை. மறுபடி ஓட்டுனா பன்னெண்டு மணி நேரம். அந்தக்கா கால்லதான் போய் விழணும். ஃப்ளாஸ்க்கக் கூட நானே கழுவித் தர்றேன்னு சொல்லி... ஏன் அண்ணே எந்திரிக்கிறீங்க? உங்க கடைக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கே? அண்ணே... அண்ணே! மூட்டைய இறக்கிராதீங்க! இன்னொரு பலகை போட்டு ஏத்துங்க!