அமராவதி ரீச்சர் திறக்கச் சொன்ன உறைகள்

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நாணயச் சேகரிப்பாளர் வட்டத்தின் தலைவர் வீரகத்தி ஐயா அவர்களே, ரீச்சரின் மகள் ராஜினி அவர்களே, ரீச்சரிடம் விஞ்ஞானம் படித்தவர்களே, வவுனியாக் கடைவீதி வியாபாரிகளே, வெளியே வரப் பாஸ் எடுத்து அகதி முகாம்களிலிருந்து வந்திருக்கும் தாய்மாரே, உங்கள் அனைவருக்கும் வட்டத்தின் செயலாளன் பரமேஸ்வரனின் வணக்கம். பின்னேரத்துக்குள் முகாமுக்குத் திரும்பவேண்டியவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகவே சுருக்கமாகப் பேச முயல்கிறேன்.

நாம் இழந்தது யாரை? அமராவதி சிற்றம்பலம் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையை மட்டுமா? இந்த மண்டபத்தில் பலருடைய வீட்டு அலுமாரியில் ரீச்சரின் கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்தை நம்பிப் பழங்காசு வாங்கியவர்கள் நாங்கள். அதை நம்பி விற்றவர்கள் நீங்கள். இன்றைக்கு அழுகையோடு ஒரு பயமும் சேர்ந்து இந்தக் கதிரைகளில் உட்கார்ந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அவருக்கே பிடிக்காது.

சண்டையால் இடம்பெயர்ந்து வந்த சனம் பழங்காசுகளையும் கொண்டுவந்தது. கிணறு வெட்டும்போது கிடைத்தவை, குண்டுக்கு ஒளியப் பங்கர் வெட்டும்போது கிடைத்தவை. கடையில் கொடுத்தால் செப்பின் நிறைக்குத்தான் விலை. உருத்திரபுரத்திலிருந்து வந்த பேச்சியம்மா, அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், சீலைத் தலைப்பில் முடிந்து ஒரு காசை, எங்கள் வட்டத்தில் பழங்காசு பார்க்கத் தெரிந்த ரீச்சரிடம் கொண்டுவந்தார். ஒரு பக்கம் மாடு, மறுபக்கம் சேது என்ற எழுத்து; யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசு. விற்பதற்கு முன் புளி போட்டு மினுக்கலாமா என்று கேட்டார். ரீச்சர் பதறிப்போனார்.

"ஐயோ, தேய்ச்சுப்போடாதேங்கோ பிள்ளை. இந்தக் கறுப்புத்தான் இதின்ர வயசு. மினுக்கினா வயசும் போயிடும், விலையும் போயிடும்."

அந்தக் காசைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நிறுத்தார். விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். பிறகு நடுவில் கண்ணாடித்தாள் ஒட்டிய இரண்டு மட்டைகளுக்கு இடையே வைத்து மூடி, முதல் தரம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதுதான் முதல் உறை. முன்பு நிறைக்கு விலை சொன்ன அதே கடைவீதியில், உறைக்குள் போன பிறகு அந்தக் காசு ஒரு தையல் மெஷினாக மாறியது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கடைவீதியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் முன்ஸிர் முதலில் இதை ஏற்கவில்லை. "நான் வாப்பா காலத்தில இருந்து காசு பாக்கிறவன். ரீச்சர் மார்க் போட்டுத்தான் நான் யாவாரம் செய்யோணுமோ?" என்று என்னிடமே கேட்டார். ஆறு மாதம் போகவில்லை. உறை இல்லாத காசை அவரே வாங்க மறுத்தார். கொழும்பிலிருந்து வருகிறவர்களும் உறையைத்தான் கேட்டார்கள். சேகரிக்கிற நாங்களோ? தரத்தை வாசித்தோம், கையெழுத்தை வாசித்தோம், பெட்டிக்குள் வைத்தோம். காசைப் பார்க்கிற வேலையை ரீச்சரின் இரண்டு கண்களிடம் ஒப்படைத்துவிட்டோம்.

போன வருடம் அந்தக் கண்களுக்கு முன்னால் ஒரு சேதுக் காசு வந்தது. மாட்டின் பின்னங்காலுக்குக் கீழே சிறிய பள்ளம். அதைப் பார்த்ததும் ரீச்சருக்கு முன்பு பார்த்த ஒரு காசு நினைவுக்கு வந்ததாம். சில மாதங்களுக்கு முன் அவர் முதல் தரம் கொடுத்த வேறொரு காசிலும் அதே இடத்தில் அதே பள்ளம் இருந்தது. இரண்டு காசுகள் ஒரே இடத்தில் ஒரேமாதிரி அடிபடுமா? படாது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த போலிகள். எங்கே வார்த்தார்கள், யார் வார்த்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் முதலாவதில் அவருடைய கையெழுத்து இருந்தது.

முன்ஸிர்தான் அந்த முதலாவதை விற்றிருந்தார். ரீச்சர் நேரே அவருடைய கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"ரீச்சர், இதைப் பேசாம விடுங்கோ," என்றார் முன்ஸிர். "ஒரு உறை பிழையெண்டா எல்லா உறையும் பிழையெண்டுதான் சனம் சொல்லும்."

"ஓம், சொல்லுவினம்."

"முகாமில இருக்கிற சனத்தை யோசிச்சுப் பாத்தீங்களோ? அதுகளின்ர காசை நாளைக்கு ஆர் வாங்குவான்?"

ரீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அதை யோசிச்சுத்தான் ராவெல்லாம் நித்திரை இல்லை. ஆனா தெரிஞ்சுகொண்டு பொய்யை விக்க விடேலாது முன்ஸிர்," என்றார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். தன் கண் பிழைத்தது என்றார். எல்லா உறைகளையும் திறக்கவேண்டும் என்றார். மட்டை விளிம்பை மறைக்கிறது, வார்ப்பின் இரண்டு பாதியும் சேருகிற பொருத்துக்கோடு விளிம்பில்தான் தெரியும், நானே செய்த உறை என் பிழையையே மறைத்துவிட்டது என்றார். கூட்டத்தில் சத்தம் எழுந்தது. சிலர் வெளியே போனார்கள்.

முன்ஸிர் சொன்னதுதான் நடந்தது. வியாபாரம் படுத்துவிட்டது. பேச்சியம்மா மகளின் சத்திரசிகிச்சைக்கென்று பத்திரப்படுத்தியிருந்த இரண்டாவது காசை எந்தக் கடையும் தொடவில்லை. ரீச்சரின் நேர்மைக்கு விலை கொடுத்தவர்களில் அந்தத் தாயும் ஒருவர். இதை இந்த மேடையில் சொல்லாமல் விட்டால் நான் பேசியது உரையல்ல, வெறும் மாலை. ரீச்சர் அதை அறிந்திருந்தார். நெஞ்சு நோவோடு கடை கடையாக நடந்து, உறைகளைத் திறந்து, மறுபடி பார்த்தார். பேச்சியம்மாவின் முறை வரும்முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்தார்.

அங்கே முன்ஸிர் வந்தார். போலிக் காசைத் திருப்பி எடுத்து நட்டப்பட்டவர், மாதக்கணக்காக ரீச்சரோடு கதைக்காமல் இருந்தவர். மடியில் ஒரு பை.

"ரீச்சர், என்ர கடையில மிச்சமிருக்கிற உறையளையும் பாத்துவிடுங்கோ."

"என்ர கையெழுத்துக்கு வந்தனீங்களோ, என்ர கண்ணுக்கு வந்தனீங்களோ?"

முன்ஸிர் தலையைக் குனிந்துகொண்டார். "உறை வந்த பிறகு நான் காசைப் பாக்கிறதையே விட்டிட்டன் ரீச்சர்."

"அப்ப இப்ப பாருங்கோ. நான் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

அவர் ஒவ்வொன்றாகத் திறந்து, தான் கண்டதைச் சொன்னார். ரீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். ஓரிடத்தில் மட்டும், "இல்லை, இன்னொருக்காப் பாருங்கோ," என்றார். பை முடியும்முன் தாதி வந்து அவரை அனுப்பிவிட்டார். அடுத்த நாள் விடியமுன் ரீச்சர் போய்விட்டார்.

அன்பானவர்களே, எத்தனை போலிகள் எங்கள் பெட்டிகளில் இருக்கின்றன? ஒன்றா? பாதியா? எனக்குத் தெரியாது. வீரகத்தி ஐயாவுக்கும் தெரியாது. இனி ஒருவருடைய கையெழுத்து எங்களுக்குப் போதாது. வருகிற ஞாயிறு முதல் இந்த மண்டபத்தில் மேசை போடுவோம். ஒவ்வொரு காசையும் மூன்று பேர் பார்ப்பார்கள்: ஒரு வியாபாரி, ஒரு சேகரிப்பாளர், காசின் சொந்தக்காரர். ஒத்துப்போகாவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுவோம். விளிம்பு தெரியும்படிதான் உறை செய்வோம். இது ரீச்சரின் பெயரால் நாங்கள் ஏற்கும் பொறுப்பு.

பேச்சியம்மாவின் காசிலிருந்து தொடங்கலாம் என்று செயற்குழுவில் சொன்னார்கள். நான் மறுத்தேன். மகளின் உயிரை அதில் வைத்திருக்கிறவரை முதலில் சோதிப்பது முறையல்ல. வசதியுள்ளவனின் பெட்டியிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

என் சேகரிப்பிலேயே சிறந்தது என்று நான் நினைக்கிற காசு இது. ரீச்சர் மூடியபடியே இருக்கிறது. இதைத் திறக்க எனக்குப் பயம். இருந்தாலும், இதோ, மட்டையைக் கிழித்துவிட்டேன்.

முன்ஸிர், மேடைக்கு வாருங்கோ. பொருத்துக்கோடு இருக்கோ எண்டு விளிம்பை வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்கோ. என்ன தெரிஞ்சாலும், பின்வரிசையில இருக்கிறவைக்கும் கேக்கச் சொல்லுங்கோ.