பிக்கே

பெருமாநல்லூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே பனியன் கம்பெனியின் அடையாள அட்டை. ஜன்னலோரம் இருந்தவர் தெற்கத்திப் பேச்சில் ஆரம்பித்தார்.

“அன்னைக்கு மீட்டிங்ல நீங்க குறுக்க பேசினதுக்கு நான் இன்னும் நன்றி சொல்லலக்கா.”

“குறுக்க பேசுனதுக்காங்க?”

“டி-ஷர்ட் துணியோட பேரை நான் இங்கிலீஷ் எழுத்துல இருக்கிறபடி ‘பிக்யூ’ன்னு சொன்னேன். ஆர்டர் குடுக்க வந்த பையருக்குப் புரியல. துணியைத் தூக்கிக் காட்டித் திரும்பவும் அதையே சொன்னேன். நீங்க என்னைத் திருத்தாம, ‘எஸ், பிக்கே’ன்னு சாதாரணமாச் சொன்னீங்க. நானும் அப்படியே பிடிச்சுக்கிட்டு ஆர்டரைப் பேசி முடிச்சிட்டேன். அது பிரெஞ்சு வார்த்தைன்னு பொறவுதான் தெரிஞ்சுது.”

பக்கத்தில் இருந்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

“நானும் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு மீட்டிங்ல ‘பிக்யூ’ன்னு சொன்னவதானுங்க. அந்த ரூமே சிரிச்சுதுங்க. அதுக்கப்பறம் எந்த மீட்டிங்லயும் வாயே தொறக்காம இருந்தனுங்க.”

“அப்போ அன்னைக்கு மட்டும் எப்படிப் பேசினீங்க?”

“நீங்க துணியும் கையுமாத் தனியா நிக்கறதைப் பாத்தனுங்க. என்னை அறியாமப் பேசிட்டனுங்க. இப்ப எல்லா மீட்டிங்லயும் பேசறனுங்க. நன்றி நாந்தானுங்க சொல்லோணும்.”