பதினாலாம் நம்பர் வீட்டுத் தாள்

— பக்கத்தை மெதுவாத் திருப்புங்கம்மா. தப்பா நினைக்காதீங்க, அறுபது வருஷத்துத் தாள். ஓரம் கிழிஞ்சா மேலதிகாரி என்னைத்தான் கேப்பார்.

— மெதுவாத்தான் சார் திருப்புறேன். அக்கா, நம்ம தெரு வந்துடுச்சு.

— வந்துடுச்சா? கண்ணாடி போட்டாலும் எனக்கு எல்லாம் ஒரே புகையாத் தெரியுது. நீயே படிடி குட்டி. ஒண்ணாம் நம்பர்ல இருந்து படி.

— நமக்கு வேண்டியது பதினாலுக்கா.

— தெருவுக்குள்ள நுழைஞ்சா ஒண்ணுல இருந்துதானே நடக்கணும்? படி.

— உன்னோட பெரிய ரோதனை. சரி, ஒண்ணு. கடிகார ரிப்பேர்க்காரர், மனைவி, ரெண்டு பையன். விருந்தாளி ஒருத்தர், மைத்துனர்.

— விருந்தாளின்னா போட்டிருக்கு? ரெண்டு நாள்னு வந்து நாலு வருஷம் தங்கின மனுஷன் அவர். பொட்டியைப் பிரிக்கவே இல்லை, நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னே காலத்தை ஓட்டினார். அந்தக் கடையில ஒவ்வொரு கடிகாரமும் ஒரு நேரம் காட்டும். பள்ளிக்கூடத்துக்கு லேட்டானா அதைச் சொல்லித்தான் நான் தப்பிப்பேன்.

— ஏழு. சைக்கிள் கடைக்காரர், தனி ஆள். 'நாய் இரண்டு'ன்னு எழுதி யாரோ அடிச்சிருக்காங்க.

— அவரேதான் எழுதியிருப்பார். என்னையும் நாயையும் பிரிச்சு எண்ணாதீங்கன்னு சொல்ற ஆளு. மேலே படி.

— பன்னிரண்டு. நர்ஸ். அஞ்சு பொண்ணுங்க.

— அஞ்சுக்கும் ஒரே துணியில கவுன் தைச்சுப் போடுவாங்கடி. தெருவுல வந்தா ஜன்னல் திரை கூட்டமா நடந்து வர்ற மாதிரி இருக்கும். அதுல மூணாவது எனக்கு உயிர்த் தோழி. இப்ப எங்க இருக்காளோ. கண்ணு தெரியலைன்னாலும் அந்தத் தெரு மட்டும் அப்படியே தெரியுது பாரு எனக்கு.

— தப்பா நினைக்காதீங்கம்மா, மூணு மணிக்கு வாசிப்பறையை மூடிடுவோம். நீங்க தேடறது எதுன்னு சொன்னா நானே எடுத்துக் குடுப்பேன்.

— சொல்றேன் சார். எங்க சித்தப்பா மகன் ஒருத்தர் குடும்ப வரலாறு எழுதி அச்சடிக்கிறார். ஏழு தலைமுறையைத் தோண்டி எடுத்துட்டார். அதுல எங்க அப்பா பேருக்குக் கீழே அக்காவைப் போட்டு, எனக்கு மட்டும் ஒரு கேள்விக்குறி. கேட்டா, ஆதாரம் கொண்டா, சேர்க்கிறேங்கறார். நான் பிறந்த வருஷத்துப் பிறப்புப் பதிவேடு மழையில ஊறிப் போச்சுன்னு அந்த ஆபீசுல கையை விரிச்சுட்டாங்க. மிச்சம் இருக்கறது வீடு வீடா ஆளெண்ணி எழுதின இந்தக் குடிக்கணக்கு ஒண்ணுதான்.

— அவனுக்கு வக்கீல்னு பட்டப்பேரு சார். கோர்ட் வாசலை மிதிக்காத வக்கீல். அவன் பேச்சை விட்டுத் தள்ளுடின்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே இவ.

— எப்படிக்கா விடறது? அறுபத்தொரு வயசுல நெத்தியில ஒரு கேள்விக்குறியை ஒட்டிக்கிட்டு நான் அலையணுமா? மூணு மாசமா எனக்குச் சோறு இறங்கலை. நான் அந்த வீட்டுப் பொண்ணா இல்லையான்னு யாரைப் போய்க் கேப்பேன்? அம்மா இருக்காங்களா, அப்பா இருக்காரா?

— நான் இருக்கேன்ல.

— நீ பாசத்துல சொல்லுவே. இது அரசாங்கத் தாள். இதுக்குப் பாசம் கிடையாது. இரு, பதினாலு வந்துடுச்சு.

— ம், படி.

— ஒண்ணு, குடும்பத் தலைவர், மர ஆலை வேலை. அப்பாக்கா. முப்பத்தேழு வயசுதான் போட்டிருக்கு, என் பையனை விடச் சின்னவரு. ரெண்டு, மனைவி. மூணு, மகள், வயசு பன்னிரண்டு, பள்ளி மாணவி. நீ. நாலு, பெண், வயசு ஒண்ணு. உறவு...

— என்னடி, நிறுத்திட்டே?

— மகள்னு போட்டிருக்குக்கா. தலைவருக்கு உறவு, மகள்.

— அப்புறம் என்ன? அழாதே. கண்ணீர் பட்டா சாருக்கு மேலதிகாரிகிட்ட மண்டகப்படி கிடைக்கும். பின்பக்கம் ஏதாவது இருக்கா?

— பின்பக்கம்... அப்பாவோட கைரேகை இருக்கு. வேற ஒண்ணுமில்லை. அப்பாவுக்குத்தான் எழுதத் தெரியுமே, ஏன் ரேகை?

— அப்ப ஆலையில ரம்பம் பட்டு வலது கையில பெரிய கட்டு. இடது கட்டைவிரலாத்தான் இருக்கும் அது.

— அப்ப தாளை எழுதினது யாரு?

— கணக்கெடுக்க வந்த மனுஷன் எழுதியிருப்பார். எனக்கு எங்கடி ஞாபகம்.

— ம். இருக்கும்.

— அவ்வளவுதானே? மூடிடச் சொல்லு.

— தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டுப் போவோமேக்கா, நீதானே ஆசைப்பட்டே. பதினஞ்சு, தபால்காரர், அவங்க அம்மா. பதினாறு, காலி வீடு. பதினாறுல யாருக்கா இருந்தாங்க?

— வாடகை வீடு. வருவாங்க, போவாங்க. நீ போய் நகலுக்கு எழுதிக் குடு, நேரம் ஆகுதுல்ல.

— விண்ணப்பம் கவுண்டர்ல இருக்கும்மா. வலது பக்கம்.

— சரி சார். அக்கா, நீ எழுந்துக்காதே, அங்க படி இருக்கு. இதோ வந்துடறேன்.

— அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க தங்கச்சி முன்னாடி சொல்ல வேண்டாம்னு இருந்தேன். நாலாவது வரியில 'மகள்'ங்கறதுக்கு முன்னாடி ஒரு அடித்தல் இருக்கு. நகல் குடுக்கும்போது அதைக் குறிப்பிடணும்னு விதி.

— அவ போயிட்டாளா?

— கவுண்டர்ல நின்னு எழுதிக்கிட்டிருக்காங்க.

— அடியில என்ன இருக்குன்னு தெரியுதா?

— கறுப்பா, தாள் கிழியற அளவுக்கு அடிச்சிருக்கு. ஒண்ணும் தெரியலை.

— வளர்ப்புன்னு இருந்தது சார். எழுதினதும் நான், அடிச்சதும் நான். பதினாறுல டெலிபோன் ஆபீஸ்ல வேலை பார்த்த ஒரு அம்மா இருந்தாங்க. தனி ஆள். வேலைக்குப் போறப்ப குழந்தையை எங்க வீட்டுல விட்டுட்டுப் போவாங்க. என் இடுப்புலதான் கிடப்பா. ஒரு தடவை காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பி வரலை. குழந்தையைத் தேடியும் யாரும் வரலை. பத்து நாள் கழிச்சு இந்தத் தாள் வந்தது.

— நீங்கதான் நிரப்பினீங்களா?

— அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். நாலாவது வரிக்கு வந்ததும் வளர்ப்புன்னு எழுதச் சொன்னார். எழுதிட்டேன். அந்த நேரம் பார்த்து இவ தவழ்ந்து வந்து என் பாவாடையைப் பிடிச்சு எழுந்து நின்னா சார். முதல் தடவையா. எனக்கு என்ன தோணுச்சோ, பரபரன்னு அடிச்சுட்டு மகள்னு எழுதிட்டேன். அரசாங்கத் தாள்ல பொய் எழுதக் கூடாதுன்னார் அப்பா. இது பொய்யா அப்பான்னு கேட்டேன். அவர் இவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மை டப்பாவை எடுத்துட்டு வான்னுட்டார். அதோட எங்க வீட்டுல ஒருத்தரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இப்ப நான் ஒருத்திதான் மிச்சம். அவளுக்கு இது தெரிய வேண்டாம். உங்க குறிப்பைப் பார்த்து அந்த வக்கீல் மோப்பம் பிடிச்சா என்ன செய்வேன்?

— நாலாவது வரியில் திருத்தம், எழுதியவராலேயே செய்யப்பட்டதுன்னு போடறேன். அதுக்கு மேல எழுத விதியில இடம் இல்லைம்மா.

— நீங்க நல்லா இருக்கணும். யாரு, குட்டியா? காலடிச் சத்தமே கேக்கலை. எவ்வளவு நேரம்டி ஒரு விண்ணப்பத்துக்கு?

— ரெண்டு எழுதினேன்க்கா, அதான் நேரமாச்சு. ஒண்ணு வக்கீல் அண்ணனுக்கு, சார், அதுக்கு முன்பக்கம் மட்டும் போதும். இன்னொண்ணு எனக்கு, அதுல பின்பக்கமும் வேணும். அங்க அப்பாவோட ரேகைக்குக் கீழே ஒரு வரி இருக்கு, அக்காவுக்கு நான் படிச்சுக் காட்டாம விட்ட வரி. 'எழுதியவர்: மூத்த மகள், வயது பன்னிரண்டு.'